ஒரே பேனல்

நான் செக்கிங் ஆபீசர் இல்லை அம்மா. கழுத்தில் இந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர்கூட அப்படித்தான் நினைத்தார் போல, எனக்கு முன்னால் நின்றவர்களை விட்டுவிட்டு முதலில் என்னிடம் வந்து டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மாநாட்டில் மாட்டிவிட்டது, கழற்ற மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது, காது அடைத்துக்கொள்ளும். பண்ருட்டியா? நல்லதாகப் போயிற்று, நானும் அங்கேதான். ஐந்து மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்கு வராது.

அட்டையில் மேலே இருப்பது என் பெயர், ஜெகதாம்பாள். கீழே இருப்பது பேனலிஸ்ட். உங்களைப் பார்த்தால் படித்த பெண்ணாகத் தெரிகிறது, அர்த்தம் தெரிந்திருக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எனக்கு அர்த்தம் சொன்னது என் வீட்டுக்காரர், கலியபெருமாள். சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். யூனியன் தேர்தலில் நாலு முறை நின்றவர், ஒரு முறை ஜெயித்தவர். பேனலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"பேனல்னா ஒரு அணி, ஜெகதா," என்றார். "தலைவர், செயலாளர், பொருளாளர்னு நம்ம ஆளுங்க ஒண்ணா நிக்கிறது. எதிர்ல வேற பேனல் நிக்கும். ஒரு பேனல்ல நின்னுட்டா, உள்ளுக்குள்ள ஆயிரம் இருந்தாலும் வெளிய ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தக் கம்பெனிக்காரன் உன்னை அவன் பேனல்ல போட்டிருக்கான். அவனையே குறை சொல்றதா இருந்தா போகவே போகாத."

நான் போக ஒத்துக்கொண்டதே அவனைக் குறை சொல்லத்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன தை மாதம் என் பெண் மலர்க்கொடிக்குக் கல்யாணம். அவளுக்கு ஒரே அண்ணன், இளஞ்சேரன். அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. அவனால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. விசாவில் ஏதோ முத்திரை குத்த வேண்டுமாம், குத்தாமல் கிளம்பி வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். உண்மைதான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் நாக்பூரில் ஒரு மராட்டிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வைஷாலி என்று பெயர். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "இந்தப் பேரை நம்ம பத்திரிகையில எப்படிப்பா அச்சடிக்கிறது" என்று கேட்டேன். பெற்றவள் இதைக்கூடக் கேட்கக் கூடாதா? அதோடு சரி. அந்தக் கல்யாணத்துக்குப் போக ரயிலுக்கெல்லாம் பதிவு செய்தாயிற்று. கிளம்புகிற அன்று காலையில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கவே முடியவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று வீட்டில் ஒருவரும் போகவில்லை. போனில் இடுப்பு வலி என்று சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டானா? கேட்கவில்லை. "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்குங்க" என்றான். அவ்வளவு நல்ல பிள்ளை.

இப்போதா? இப்போது வலி இல்லை. அது அந்த ஒரு வாரம்தான் இருந்தது. பிறகு வரவே இல்லை.

சரி, தங்கை கல்யாணத்தை அண்ணன் பார்க்காமல் இருப்பதா என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அப்போதுதான் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கல்யாணக்கண் டாட் காம் என்று சென்னையில் ஒரு கம்பெனி. மண்டபத்தில் கேமரா வைத்து, நடக்க நடக்கக் கல்யாணத்தை நெட்டில் அனுப்புவார்களாம். எந்த நாட்டில் இருப்பவரும் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கலாமாம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். நான் பிடிவாதமாக நின்று ஏற்பாடு செய்தேன். சென்னைக்கு வெளியே அந்தக் கம்பெனி செய்த முதல் கல்யாணம் எங்களுடையதுதான்.

சதானந்தன் என்று ஓர் இஞ்சினியரை அனுப்பினார்கள். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, எந்நேரமும் கையில் ஒரு வயர். மண்டபத்து மேனேஜர் அறையிலிருந்து இரண்டு டெலிபோன் லைனை மணமேடை வரைக்கும் இழுத்தார். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு பேர். ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். பெயரையும் அந்தச் சொல்லையும் போட்டால்தான் கல்யாணம் தெரியுமாம், கண்டவர்கள் உள்ளே வர முடியாதாம். நான் முதலில் சொன்னது இளஞ்சேரன் பெயரைத்தான். இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கியதும் அவன் நாலாவதாகப் போய்விட்டான். அதற்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. அங்கே சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. லீவு நாள், சாப்பிட்டுவிட்டு உட்கார வசதியான நேரம். இதையெல்லாம் நானே விசாரித்து வைத்திருந்தேன்.

படம் தபால்தலை அளவுதான் தெரியும், விட்டுவிட்டுத்தான் அசையும் என்று சதானந்தன் முன்னாலேயே சொல்லிவிட்டார். "கேமரா கிட்ட வந்து நின்னா முகம் நல்லா தெரியும்மா" என்றும் சொன்னார். அதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். கெட்டிமேளம் என்று குரல் கொடுத்ததும் ஓடிப்போய்க் கேமரா முன்னால் நின்றுகொண்டு, "இளஞ்சேரா, தெரியுதாப்பா? இப்ப தாலி கட்றாங்க. தெரியுதா?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது இல்லையா, அதனால் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது மேளம் அடங்கி, தாலி ஏறி, எல்லோரும் அட்சதையும் போட்டு முடித்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பரவாயில்லை, எனக்கென்ன. நான் உள்ளூரிலேயே இருக்கிறவள், நினைத்தபோது போய் அவள் கழுத்தைப் பார்த்துக்கொள்வேன்.

சிங்கப்பூரில் இருக்கிற நாத்தனார் மகன் மறுநாளே போன் பண்ணிச் சண்டை பிடித்தான். "அத்தை, நாங்க பார்த்தது மலர் கல்யாணத்தை இல்ல. உங்க மூக்கைத்தான்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். சிங்கப்பூரில் மூக்குவரைக்கும் தெரிந்திருக்கிறது. இளஞ்சேரனுக்கு நான்தான் போன் போட்டேன்.

"பார்த்தியாப்பா?"

"பஃபரிங்மா," என்றான்.

"அப்படின்னா?"

"படம் வராம சுத்திக்கிட்டே இருக்கும்மா. நெட் சரியில்ல."

"ஒண்ணுமே தெரியலையா? நான் வந்து நின்னேனே, என்னைக்கூடவா?"

"பஃபரிங்மா."

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியை நினைத்தாலே எனக்கு எரியும். ஐந்து பேருக்குத் தெரிந்த படம் என் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? ஆறு தடவை போன் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் எடுத்து, "பார்த்துச் சொல்றோம் மேடம்" என்பாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. இப்படி இருக்கும்போது போன வாரம் முதலாளி கிரிதரனே கூப்பிட்டார். சென்னையில் பெரிய ஹோட்டலில் மாநாடாம். நெட்டில் வீடியோ காட்டுகிற கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கூடுகிறார்களாம். "வாடிக்கையாளர்னு மேடையில ஒருத்தர் வேணும்மா. எங்க பேனல்ல நீங்க உட்காரணும். நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும். கார் அனுப்பறேன்" என்றார். போகும்போது கார். வரும்போது எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அது என் தப்பு.

இன்று காலையில் போய் இறங்கினேன். அந்தக் குளிரை என்னவென்று சொல்ல. சித்திரை வெயிலில் இருந்து நேராகப் பனிக்கட்டிக்குள் போன மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனேன். ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து மைக், ஐந்து தண்ணீர் பாட்டில். நாலு பேர் பார்க்கிற இடம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கிரிதரன், இன்னொரு பக்கம் சதானந்தன். அந்தக் கோடியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர். நடுவில் கேள்வி கேட்க ஒரு அம்மா, வெட்டிவிட்ட முடி, நல்ல பட்டுப்புடவை. பேச்சு முழுக்க இங்கிலீஷ். சதானந்தன் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எதிர்ப் பேனல் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"எதும்மா?"

"நம்மளை எதிர்த்து நிக்கிறவங்க."

அவர் கீழே உட்கார்ந்திருந்த முந்நூறு பேரையும் ஒரு தடவை பார்த்தார். "எல்லாருமேதான்மா," என்றார்.

வெளிநாட்டுக்காரர், இன்னும் ஐந்து வருஷத்தில் டிவி என்று ஒன்றே இருக்காது என்றார். மாடியில் இருக்கிற ஆன்டெனாவில் இனிமேல் துணிதான் காயப்போட வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஆளாளுக்கு பேண்ட்வித், பேண்ட்வித் என்றார்கள். நம் நாட்டில் பேண்ட்வித் போதவில்லை, எல்லாத் தொல்லைக்கும் காரணம் பேண்ட்வித்தான் என்று ஒரே பேச்சு. என் முறை வந்ததும் முதல் வேலையாக அதைத் தெளிவுபடுத்தினேன். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பேண்டு வைக்கவே இல்லை, நாதஸ்வரம்தான் என்று மைக்கில் சொன்னேன். எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நாதஸ்வரம் வைப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் விளக்கை அணைத்து எங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் திரையில் போட்டார்கள். தபால்தலை அளவுப் படத்தைச் சுவர் அளவுக்கு ஆக்கினால் எப்படி இருக்கும்? என் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக, சிமெண்டு ஜன்னல் மாதிரி. முதலில் வாய் அசைகிறது, பிறகு குரல் வருகிறது. "இளஞ்சேரா, தெரியுதாப்பா? தெரியுதாப்பா?" நான் அவ்வளவு நேரமா கேட்டேன்? எனக்கே இன்றுதான் தெரிந்தது. முதலில் சிரித்தார்கள். நாலாவது ஐந்தாவது தடவைக்கு மேல் ஒருவரும் சிரிக்கவில்லை. என் தலைக்குப் பின்னால் மலர்க்கொடியின் ஒரு கை மட்டும் தெரிந்தது, மருதாணியோடு. நான் கொஞ்சம் நகர்ந்து நின்றிருக்கலாம்.

படம் அப்படியே நின்றது, என் வாய் பாதி திறந்திருக்க. நடுவில் இருந்த அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "உங்க மகன் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரே?"

வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. பேனலை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், பேனலை விட்டுக்கொடுக்காமல் இருக்கப் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? அவன் பார்க்காமல் இருந்துவிட்டான் என்றல்லவா ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மலர்க்கொடியே ஒரு நாள் கேட்டாள், "அண்ணன் உக்காந்து பார்த்திருக்கும்னு நீ நெஜமாவே நினைக்கிறியாம்மா" என்று. அன்று அவளோடு நான் பேசவில்லை.

"பஃபரிங்," என்றேன் மைக்கில். "எல்லாருக்கும் தெரிஞ்சது. என் பையனுக்கு மட்டும் பஃபரிங். அது ஏன்னு இவங்கதான் சொல்லணும்."

கீழே இருந்து ஒருவர் எழுந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கேலியாகக் கேட்டார் என்பது எனக்கே புரிந்தது. சதானந்தன் அதைத் தமிழில் சொல்லவில்லை. கிரிதரன் மட்டும் சிரித்த முகமாகவே இருந்தார்.

"சதா, லாக் ஷீட் வச்சிருக்கல்ல, படி," என்றார். "யார் எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, எப்ப வெளிய போனாங்க, எல்லாம் அதுல இருக்கு. நம்ம சிஸ்டம் பக்காவா இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

சதானந்தன் பைலில் இருந்து ஒரு தாளை எடுத்தார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரையில் இருந்த இன்னொரு என்னையும் பார்த்தார். தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"படிக்க வேண்டியதில்ல சார். அன்னைக்கு நம்ம பக்கம்தான் கோளாறு. அவர் பார்க்கணும்னு ரொம்ப நேரம் முயற்சி பண்ணியிருக்கார். நாமதான் அனுப்பல."

முதலில் எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொன்னார். பிறகு எல்லோருக்குமாக இங்கிலீஷில் சொன்னார். கிரிதரனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மூன்று மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. முந்நூறு பேர் முன்னால், மைக்கில், என் பிள்ளைமேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. பேனல்காரர் என்றால் இப்படி இருக்க வேண்டும். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார், என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முதலாளியும் அதே பேனல்தானே, அவரை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா என்று ஒரு குழப்பம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் இவரிடம் கேட்க வேண்டும்.

முடிந்ததும் கிரிதரன் சதானந்தனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ரொம்ப நேரம் பேசினார். உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டியிருப்பார். விரலை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ஆள் போல. சாப்பாட்டுக்குச் சதானந்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தனை பதார்த்தம் இருந்தும் தயிர்சாதம் மட்டும் போட்டுக்கொண்டு, அதையும் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உங்க அட்டை எங்க தம்பி? கழுத்துல காணோம்."

"வாங்கிக்கிட்டாங்கம்மா. கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் போகலாம்னு இருக்கேன்."

"நல்லது. போய் ஓய்வெடுங்க. எந்நேரமும் வயரும் கையுமாத்தான் இருக்கீங்க."

சிரித்தார். நல்ல பிள்ளை. என் அட்டையை யாரும் கேட்கவில்லை. காரைத்தான் காணோம், வேறு வேலையாகப் போய்விட்டதாம். சதானந்தன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். இறங்கும்போது, "பையன்கிட்ட பேசுங்கம்மா" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் பேசத்தான் இருந்தேன்.

எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போனேன். அங்கே காலை ஏழு மணி. வைஷாலி எடுத்தாள். "அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவன் வந்தான்.

"கம்பெனிக்காரங்க மேடையிலேயே ஒத்துக்கிட்டாங்கப்பா," என்றேன். "அவங்க பக்கம்தான் கோளாறாம். நீ பார்க்கணும்னு ரொம்ப நேரம் முயற்சி பண்ணியிருக்கியாம். அவங்கதான் அனுப்பலையாம். முந்நூறு பேர் முன்னாடி சொல்லிட்டாங்க."

சத்தமே இல்லை. அமெரிக்காவரைக்கும் போய்த் திரும்ப நேரமாகும் இல்லையா.

"அப்படியா சொன்னாங்க," என்றான்.

"ஆமாம்ப்பா. என் மூஞ்சியைச் சுவர் அளவுக்குக் காட்டினாங்க. தெரியுதாப்பா தெரியுதாப்பான்னு நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே நிக்கிறேன்."

லைன் போய்விட்டதோ என்று பூத்துக்காரரைப் பார்த்தேன். இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

"அம்மா," என்றான். "உங்க இடுப்பு வலி எப்படி இருக்கு?"

மூன்று வருஷம் ஆயிற்று. ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிறான் பாருங்கள். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை, உள்ளே என்னவோ சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.

"அது அப்பவே அவ்வளவு இல்லப்பா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பூத்துக்குள் புழுக்கம்.

"சரிம்மா," என்றான். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "இங்கயும் நெட் அவ்வளவு மோசமில்லம்மா," என்றான். "கல்யாண சிடி இருந்தா அனுப்புங்க. நானும் வைஷாலியும் பார்க்கிறோம்."

இதோ, பையிலேயே இருக்கிறது சிடி. மாநாட்டில் கொடுத்தார்கள். நாளைக்கே தபாலில் போட்டுவிடுவேன். நெட் மோசமில்லை என்று அவனே சொல்கிறான், பிறகு எதற்குச் சிடி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. போகட்டும். கேட்டானே, அது போதும்.

என்ன ஊர் இது, மதுராந்தகமா? இந்தாப்பா, வெள்ளரிப்பிஞ்சு, இந்த ஜன்னலுக்கு இரண்டு கொடு. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போடு. பிடியுங்கள் அம்மா. இருங்கள், இருங்கள், புடவையில் கொட்டிக்கொள்ளாதீர்கள். மடியில் இந்தத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். முக்கியமான தாள் இல்லை. சதானந்தன் மேசையில் விட்டுவிட்டுப் போன தாள்தான். நம்முடைய பேனல் தாள் எதிராளி கையில் கிடைக்கக் கூடாது என்று நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பூத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். ஆறு பெயர் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரனுக்கு எதிரே ஒரு மணி நாற்பது நிமிஷம் என்று போட்டிருக்கிறது. நாலாவது பெயருக்கு எதிரே மட்டும் நேரம் எதுவும் இல்லை, ஒரு சின்னக் கோடு. கோளாறு என்றால் இங்கிலீஷில் கோடு போடுவார்கள் போல இருக்கிறது.

நீங்கள் படித்தவர். கோடு என்றால் அப்படித்தானே?

இல்லை, வேண்டாம், பார்க்க வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும். கவிழ்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படித்தான். எழுத்தில்லாத பக்கம் மேலே இருக்கட்டும். சாப்பிடுங்கள்.